குடியிருப்பவர் உடல்நலம் கெடாத வாடகை வீடு: உரிமையாளர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வாடகை வீட்டில் இருப்பவர் தரையைத் துடைக்கலாம், ஜன்னலைத் திறந்து வைக்கலாம், குப்பையை அன்றன்றைக்கே வெளியேற்றலாம். ஆனால் சுவருக்குள் ஓடும் குழாய் கசிந்தால் அவரால் சுவரை உடைத்துப் பார்க்க முடியாது. குளியலறைக்கு ஜன்னலே வைக்காமல் கட்டியிருந்தால் அவர் எதைத் திறப்பார்? மொட்டை மாடி விரிசல், தண்ணீர்த் தொட்டியின் மூடி, மின்சார எர்த், படிக்கட்டுக் கைப்பிடி எல்லாமே உரிமையாளர் மட்டும் கை வைக்கக்கூடியவை. குடியிருப்பவரின் உடம்பைப் பாதிக்கிற விஷயங்களில் பெரும்பகுதி இந்த வரிசையில்தான் வருகிறது.

2020 டிசம்பரில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற 2 வயதுக் குழந்தை இறந்தது. அவன் வாழ்ந்த வாடகைக் குடியிருப்பு முழுக்கப் பூஞ்சை பிடித்திருந்தது. பெற்றோர் பலமுறை முறையிட்டிருந்தார்கள். குடும்பத்தின் வாழ்க்கை முறைதான் காரணம் என்று சொல்லப்பட்டதே தவிர, வேலை நடக்கவில்லை. நீண்ட நாள் பூஞ்சையைச் சுவாசித்ததே மரணத்துக்குக் காரணம் என்று 2022 நவம்பரில் விசாரணை முடிவு வந்தது. அதன்பிறகு அவன் பெயராலேயே அழைக்கப்படும் சட்டம் வந்து, 2025 அக்டோபர் முதல் அங்குள்ள சமூக வீட்டுவசதிக் குடியிருப்புகளில் (உள்ளாட்சி அமைப்புகளும் வீட்டுவசதிச் சங்கங்களும் குறைந்த வாடகைக்குத் தரும் வீடுகளில்) நடைமுறைக்கு வந்தது. அவசர ஆபத்து என்றால் 24 மணி நேரத்தில் உரிமையாளர் நடவடிக்கை எடுத்தாக வேண்டும்.

அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். வீட்டில் ஒரு குறை தெரிந்தால் முதலில் கட்டடத்தைச் சோதிக்க வேண்டும். குடியிருப்பவரின் பழக்கத்தைப் பற்றிப் பேசுவதெல்லாம் அதற்கு அப்புறம்தான். கீழே உள்ள படிகளும் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

முதல் படி: கேளுங்கள், பிறகு சுற்றிப் பாருங்கள்

வீட்டைப் பார்க்கப் போவதற்கு முன் குடியிருப்பவரிடம் சொல்லிவிட்டு, அவருக்குத் தோதான நேரத்தில் போங்கள். திடீரென்று போய் நின்றால் அவர் அதைச் சோதனையாகத்தான் எடுத்துக்கொள்வார், எதையும் மனம்விட்டுச் சொல்ல மாட்டார். நேராக இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்: எந்த அறையில் வாடை வருகிறது? மழைக்குப் பிறகு எங்கே நனைகிறது? யாருக்காவது வீட்டுக்குள் இருக்கும்போது இருமலோ மூச்சிரைப்போ அதிகமாகி, வெளியூர் போனால் குறைகிறதா? இரவில் எந்த அறையில் தூங்க முடியவில்லை? இந்தப் பதில்கள் எந்தக் கருவியும் காட்டாததைக் காட்டும்.

ஒரு டார்ச், ஒரு குறிப்பேடு, விலை குறைந்த ஈரப்பத மானி ஒன்று போதும். நல்ல மழை பெய்த மறுநாள் போனால் பாதி வேலை தானாக முடிந்துவிடும். சிங்க்கின் அடி, அலமாரியின் பின்பக்கம், குளியலறைக்கு மறுபக்கச் சுவர், ஜன்னல் ஓரங்கள், மேல்தளத்தின் மூலைகள் ஆகியவற்றைத் தவறாமல் பாருங்கள். பார்த்ததையெல்லாம் தேதி போட்டுப் படம் எடுத்து வையுங்கள்.

இரண்டாம் படி: ஓதத்தின் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள். ஈரமான, பூஞ்சை பிடித்த வீடுகளில் இருப்பவர்களுக்கு ஆஸ்துமாவும் மூச்சுக்கோளாறுகளும் கூடுதலாக இருப்பதை உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் தெளிவாகப் பதிவு செய்திருக்கிறது. பூஞ்சையின் வித்துகள் எல்லாக் காற்றிலும் இருக்கின்றன, அவற்றை ஒழிக்க முடியாது. அவை முளைக்கத் தேவையான ஈரத்தை ஒழிக்க முடியும்.

ஈரம் வருகிற வழிகள் மூன்று. ஒன்று, மேலிருந்தோ பக்கத்திலிருந்தோ வரும் கசிவு. இரண்டு, நிலத்திலிருந்து சுவர் வழியாக மேலே ஏறும் ஈரம். மூன்று, அறைக் காற்றில் உள்ள நீராவி குளிர்ந்த சுவரில் பட்டு வேர்ப்பது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. காரணம் தெரியாமல் வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் வாங்கி அடிப்பதில்தான் பலருடைய பணம் வீணாகிறது.

கறையின் வடிவமே பாதிக் கதையைச் சொல்லும். மழைக்குப் பின் பெரிதாகி வெயிலில் சுருங்கும் கறை என்றால் மாடியையோ வெளிச்சுவரையோ சந்தேகியுங்கள். மழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லாமல் எப்போதும் நனைந்தே இருந்தால் குழாய். தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர் உயரம்வரை பூச்சு உதிர்ந்து, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் நிலத்து ஈரம். மூலைகளிலும் பீரோவுக்குப் பின்னாலும் கரும்புள்ளிகளாகப் பரவியிருந்தால் பெரும்பாலும் நீராவி வேர்ப்பதுதான்.

சந்தேகம் தீரவில்லையா? ஒரு முழ அகலத்துக்கு அலுமினியத் தாளை எடுத்து, நான்கு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். அறையைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் ஈரம் காற்றிலிருந்து வருகிறது. சுவரைத் தொட்ட பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. குழாய்க் கசிவைக் கண்டுபிடிக்க, எல்லாத் தண்ணீர் டேப்புகளையும் மூடிவிட்டு, தண்ணீர் மீட்டர் அப்போதும் ஓடுகிறதா என்று கவனியுங்கள். மீட்டர் இல்லாவிட்டால் இரவில் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்து, யாரும் தண்ணீர் பயன்படுத்தும் முன் காலையில் பாருங்கள்.

கசிவு என்றால் மொட்டை மாடியின் சரிவு, வடிகால் வாய் அடைப்பு, கைப்பிடிச்சுவர் தளத்தோடு சேரும் இடம், சன்ஷேடின் மேல்பக்கம் ஆகியவற்றை இந்த வரிசையில் சரி செய்யுங்கள். குளியலறையில் டைல்ஸ் இடுக்குகளும் தரை வடிகால் குழாய் தளத்தோடு சேரும் இடமும் முக்கியம். நிலத்து ஈரம் என்றால் வெளியே உள்ள மண் வீட்டுத் தளத்தைவிடக் குறைந்தது 15 செ.மீ. தாழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சுவரோரம் மண்ணையோ பூந்தொட்டிகளையோ குவித்து வைத்திருந்தால் அதை அகற்றுவதே சில வீடுகளில் போதுமான மருந்து. நீராவி என்றால் தீர்வு காற்றோட்டத்தில் இருக்கிறது, அடுத்த படியில் வருகிறது.

காரணத்தை அடைத்த பிறகே பூஞ்சையைச் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு சதுர மீட்டருக்குள் இருந்தால் கையுறையும் என்95 முகக்கவசமும் போட்டுக்கொண்டு, சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி, நன்றாக உலர விடலாம். அதைவிடப் பெரிது என்றால் அனுபவமுள்ளவர்களைக் கூப்பிடுங்கள். ஜிப்சம் பலகை, தரைவிரிப்பு, பஞ்சு மெத்தை போன்றவற்றில் ஊறிய பூஞ்சை கழுவினால் போகாது, தூக்கிப் போட வேண்டியதுதான். பிளீச்சிங் திரவத்தை ஆசிட் கலந்த கழிப்பறைத் திரவத்தோடோ அமோனியாவோடோ ஒருபோதும் சேர்க்காதீர்கள், விஷ வாயு கிளம்பும். பூஞ்சை மேலேயே பெயிண்ட் அடிப்பது பிரச்சினையை அடுத்த குடித்தனத்துக்குத் தள்ளிவிடுவது, அவ்வளவுதான். சில மாதங்களில் பெயிண்ட் உரிந்து அதே கறை வெளியே வரும்.

இன்னொன்று: குழாய் உடைந்து வீடு நனைந்தால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை பிடிக்காது. அதனால் கசிவு பற்றிய புகாரை "வார இறுதியில் பார்க்கலாம்" என்று வைக்க முடியாது.

மூன்றாம் படி: காற்று வெளியே போக வழி செய்யுங்கள்

சமையல், குளியல், துணி உலர்த்துதல், மூச்சு விடுதல் எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பம் தினமும் பல லிட்டர் தண்ணீரை வீட்டுக் காற்றில் கலக்கிறது. அது யாருடைய தவறும் இல்லை, வாழ்வதன் விளைவு. அறையின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே, முடிந்தால் 30க்கும் 50க்கும் நடுவில் இருப்பது நல்லது.

அளவு தெரிய வேண்டுமானால் நியூசிலாந்து 2019-இல் வாடகை வீடுகளுக்காகக் கொண்டுவந்த ஆரோக்கிய வீட்டுத் தரநிலைகளைப் பார்க்கலாம். ஒவ்வொரு வசிப்பறையிலும் படுக்கையறையிலும் திறக்கக்கூடிய ஜன்னல், கதவுகளின் பரப்பு தரைப் பரப்பில் குறைந்தது 5 சதவீதம் இருக்க வேண்டும். புதிதாக வைக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் குளியலறையில் நொடிக்கு 25 லிட்டரும் சமையலறையில் 50 லிட்டரும் காற்றை வெளியேற்ற வேண்டும், அல்லது அதற்கேற்ற அகலமான குழாய் இருக்க வேண்டும். இது உங்கள் ஊருக்குச் சட்டமாக இல்லாவிட்டாலும் நல்ல அளவுகோல்.

ஃபேன் ஓடுகிறதா என்று பார்ப்பது போதாது, காற்று எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். கூரைக்கும் பொய்க்கூரைக்கும் நடுவில் ஊதும் ஃபேன், ஈரத்தை அங்கே சேர்த்து வைக்கிறது. ஒரு மெல்லிய காகிதத்தை அதன் வலையில் வையுங்கள். ஒட்டிக்கொண்டால் சரி, விழுந்தால் இறக்கைகளில் அழுக்கு அடைத்திருக்கிறது அல்லது காற்று உள்ளே வர வழியில்லை. குளியலறைக் கதவின் அடியில் ஒரு விரல் இடைவெளி இருந்தால்தான் ஃபேனால் காற்றை இழுக்க முடியும். விளக்கு அணைந்த பிறகும் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடும் டைமர் வைத்துவிட்டால், குடியிருப்பவர் அதை நினைவில் வைத்திருக்கவே தேவையில்லை. துணி உலர்த்த வெளியில் ஓர் இடம் கொடுப்பதையும் இதோடு சேர்க்கிறேன். இடம் கொடுக்காமல் "வீட்டுக்குள் துணி காயப் போடாதீர்கள்" என்று ஒப்பந்தத்தில் எழுதுவதில் நியாயம் இல்லை.

ஜன்னல்களுக்குக் கொசுவலை போடுங்கள். வலை இல்லாத ஜன்னல் மாலையானால் மூடப்பட்டுவிடும், இரவு முழுக்கக் காற்றே இருக்காது.

இதே படியில் உயிர் போகிற விஷயம் ஒன்று இருக்கிறது. கேஸ் ஹீட்டர், கேஸ் கீசர், கரி அடுப்பு போன்றவை போதிய காற்று இல்லாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. புகைக்குழாய் இல்லாத கேஸ் கீசரைக் குளியலறைக்குள் வைக்கவே கூடாது. ஏற்கெனவே இருந்தால் இந்த வாரமே வெளியே மாற்றுங்கள். எரிபொருள் பயன்படுத்தும் எந்த வீட்டிலும் படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வையுங்கள். ஜெனரேட்டரை வீட்டிலிருந்து 6 மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, தலைசுற்றல், வாந்தி வந்து, வெளியே போனதும் குறைகிறது என்றால் உடனே எல்லோரும் வெளியேற வேண்டும். இதைக் குடிவரும் நாளிலேயே சொல்லிவிடுங்கள்.

நான்காம் படி: தண்ணீர் வரும் பாதை முழுவதையும் பாருங்கள்

தொட்டியிலிருந்து தொடங்குங்கள். மூடி இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும், நிரம்பி வழியும் குழாயின் வாயிலும் காற்றுக் குழாயிலும் நுண்வலை இருக்க வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வீட்டில் தேங்கும் தண்ணீரில்தான் பெருகுகிறது. முட்டைகளை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணீர் வற்றினாலும் அவை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். எனவே தண்ணீரை மாற்றுவதோடு நிற்காமல் உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை தொட்டியைச் சுத்தம் செய்து, குளோரின் போட்டு அலசி வெளியேற்றுவது நல்ல பழக்கம்.

கழிவுநீர்க் குழாயும் குடிநீர்க் குழாயும் பக்கத்துப் பக்கத்தில் போகிற இடத்தைக் கண்டுபிடியுங்கள். விட்டு விட்டுத் தண்ணீர் வரும் இடங்களில், அழுத்தம் குறையும்போது விரிசல் விட்ட குழாய் சுற்றியுள்ள அழுக்கை உறிஞ்சிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வகத்தில் சோதியுங்கள். மலம் கலந்திருப்பதைக் காட்டும் ஈ கோலை கிருமி 100 மில்லி லிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. பழைய ஈயக் குழாய்களோ ஈயப் பற்றவைப்போ இருந்தால் ஈய அளவையும் சோதிக்கச் சொல்லுங்கள். குழாயை மாற்றும்வரை, குடிக்கவும் சமைக்கவும் குளிர்ந்த நீரை மட்டும், சிறிது நேரம் ஓடவிட்ட பிறகு பிடிக்கச் சொல்லுங்கள்.

வெந்நீர்த் தொட்டியில் ஒரு சிக்கல் உண்டு. 25 முதல் 45 டிகிரி வரையிலான வெதுவெதுப்பில் லெஜியோனெல்லா கிருமி பெருகும், ஷவரின் சாரலோடு நுரையீரலுக்குள் போய் நிமோனியாவை உண்டாக்கும். அதனால் தொட்டியில் 60 டிகிரி தேவை. ஆனால் அந்தச் சூடு நேரடியாகக் குழாயில் வந்தால் சில நொடிகளில் தோல் வெந்துவிடும், குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் இன்னும் சீக்கிரம். இரண்டையும் சமாளிக்க, குளியலறைக்குப் போகும் குழாயில் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கலவை வால்வு ஒன்றைப் பொருத்துங்கள்.

ஐந்தாம் படி: பழைய கட்டடம் என்றால் கையை வைக்கும் முன் யோசியுங்கள்

பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவில் வீட்டு உபயோக ஈயப் பெயிண்ட்டுக்கு 1978-இல்தான் தடை வந்தது, பல நாடுகளில் அதற்கும் பின்னால். ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை. குழந்தையின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கிறது. ஜன்னல் சட்டங்களும் கதவுகளும் உரசும் இடங்களில் தூசியாக விழுந்து, தரையில் தவழும் குழந்தையின் கைவழியாக வாய்க்குப் போகிறது. பெயிண்ட்டை உலர்ந்தபடி உப்புத்தாளால் தேய்ப்பதும், நெருப்புக் காட்டி உரிப்பதும்தான் மிக மோசமான முறைகள். ஒரு துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பி முதலில் உறுதி செய்யுங்கள். ஈயம் இருந்தால், குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வீட்டில் இல்லாதபோது, நனைத்துத் தேய்க்கத் தெரிந்தவர்களைக் கொண்டு செய்யுங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடு முழுசாக இருந்தால் தொடாமல் விடுவது நல்லது. துளை போடுவதும் அறுப்பதும் வேகமான நீரைப் பீய்ச்சிக் கழுவுவதும் நுரையீரலைக் கெடுக்கும் அதன் இழைகளைக் காற்றில் விடும். உடைந்த தகட்டைப் பயிற்சி பெற்றவர்கள்தான் இறக்க வேண்டும்.

தரைத்தளமும் நிலவறையும் உள்ள வீடுகளில் ரேடான் வாயுவையும் சோதியுங்கள். மண்ணிலிருந்து வரும் இந்தக் கதிரியக்க வாயு, புகைப்பழக்கத்துக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகிறது. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் உச்ச அளவு கன மீட்டருக்கு 100 பெக்கெரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு).

ஆறாம் படி: பூச்சி மருந்துக்கு முன்னால் ஓட்டைகளை அடையுங்கள்

கரப்பான்பூச்சியின் கழிவும் உடல் துகள்களும் ஆஸ்துமாவைத் தூண்டும். மருந்தை அடிக்கடி தெளித்தால் அந்த மருந்தையும் சேர்த்தே குடும்பம் சுவாசிக்கிறது. சிங்க்கின் அடியில் குழாய் சுவருக்குள் போகும் இடம், கதவின் அடிப்பகுதி, மின்சாரக் கம்பி நுழையும் துளை ஆகியவற்றை அடையுங்கள். ஒரு பென்சில் பருமனுள்ள இடைவெளி, அதாவது 6 மில்லி மீட்டர், சுண்டெலிக்குப் போதும். அதைக் கம்பிப் பஞ்சு திணித்து மேலே சிமென்ட் பூசி மூடுங்கள். மீதமிருக்கும் கரப்பானுக்கு ஜெல் மருந்தை இடுக்குகளில் வைத்தால் போதும்.

மூட்டைப்பூச்சி வந்தால் யார் கொண்டுவந்தார்கள் என்று விசாரிக்காதீர்கள். விசாரித்தால் அடுத்த முறை மறைத்துவிடுவார்கள், அதற்குள் பக்கத்து வீடுகளுக்கும் பரவிவிடும். ஒட்டியுள்ள எல்லா வீடுகளையும் ஒரே நேரத்தில் பார்த்துச் சரி செய்ய வேண்டும்.

ஏழாம் படி: வெயிலும் குளிரும்

மேல்மாடி வீட்டுக்கு வெள்ளைப் பிரதிபலிப்புப் பூச்சு பெரிய உதவி. ஜன்னலுக்கு உள்ளே திரைச்சீலை போடுவதைவிட வெளியே நிழல் கொடுப்பது அதிகப் பயன் தரும், ஏனென்றால் கண்ணாடியைத் தாண்டிய சூடு வீட்டுக்குள் தங்கிவிடுகிறது. அறையின் காற்று 40 டிகிரியைத் தாண்டினால் மின்விசிறி உடலைக் குளிர்விக்காமல் சூடாக்கவே செய்யும் என்பதை வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் சொல்லி வையுங்கள். குளிர் மிகுந்த இடங்களில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதல். ஹீட்டர் மட்டும் கொடுத்துவிட்டு கூரைக்கு வெப்பத்தடுப்பு போடாவிட்டால், குடியிருப்பவர் மின்கட்டணத்துக்குப் பயந்து அதைப் போடாமலேயே குளிரில் இருப்பார்.

எட்டாம் படி: விழாமல், ஷாக் அடிக்காமல், தீப்பிடிக்காமல்

இது சீக்கிரம் முடிகிற வேலை, தள்ளிப்போட எந்தக் காரணமும் இல்லை. மின்பலகையில் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் தடுப்பு சுவிட்ச் வையுங்கள், எர்த் இணைப்பை எலக்ட்ரீசியனை வைத்து அளந்து பாருங்கள். ஒவ்வொரு தளத்திலும் புகை அலாரம் வையுங்கள். படிக்கட்டில் கைப்பிடியும் மேலும் கீழும் சுவிட்ச் உள்ள விளக்கும், குளியலறையில் வழுக்காத தரையும் பிடிமானமும் வேண்டும். மேல்தள ஜன்னல் கம்பிகளின் இடைவெளி 10 செ.மீ.க்குள் இருக்கட்டும். சிறு குழந்தைகள் உள்ள வீடுகளில் ஜன்னல் தடுப்பு கட்டாயம் என்று நியூயார்க் நகரம் 1976-லேயே விதி கொண்டுவந்தது. கம்பி போட்ட வீட்டில் தீ ஏற்பட்டால் வெளியேற, உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்கக்கூடிய ஒரு ஜன்னலாவது வைக்க வேண்டும்.

ஒன்பதாம் படி: வீடு காலியாக இருக்கும் நாட்கள்

ஒருவர் போய் அடுத்தவர் வருவதற்கு முந்தைய நாட்களில் பெரிய வேலைகளை முடித்துவிடுங்கள். வாடை குறைந்த பெயிண்ட்டைத் தேர்ந்தெடுங்கள். பெயிண்ட் அடித்த பிறகும், துகள் பலகையில் செய்த புது அலமாரி வைத்த பிறகும் சில நாள் ஜன்னல்களைத் திறந்து போடுங்கள். அந்தப் பலகைகளின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற, கண்ணையும் மூச்சையும் உறுத்தும் வாயு வெளிவரும். பூட்டிக் கிடந்த வீட்டில் குழாய்த் தண்ணீர் தேங்கியிருக்கும், எல்லா டேப்புகளையும் ஷவரையும் சில நிமிடம் ஓட விடுங்கள். தரை வடிகாலில் நீர் வற்றியிருந்தால் சாக்கடை வாயுவும் கரப்பானும் மேலே வரும், ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் அடைபட்டுவிடும்.

பத்தாம் படி: பயமில்லாமல் சொல்ல ஒரு வழி

மேலே சொன்ன எதுவும், குடியிருப்பவர் வாய் திறக்கப் பயந்தால் நிற்காது. கசிவைச் சொன்னால் வாடகை ஏறும், அல்லது காலி செய்யச் சொல்வார்கள் என்று நினைப்பவர் சுவரை மறைத்து அலமாரியை நகர்த்திவிடுவார். நீங்கள் அறியும்போது கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்திருக்கும், குழந்தைக்கு மூச்சிரைப்பு வந்திருக்கும்.

ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்: புகார் சொன்னதற்காக வாடகை உயராது, வெளியேற்றம் வராது. புகார் சொல்ல ஒரு எண்ணைக் கொடுங்கள். கேஸ் வாடை, மின்கசிவு, கழிவுநீர் பொங்குதல் என்றால் அன்றைக்கே, தண்ணீர்க் கசிவு என்றால் மறுநாளுக்குள், பூஞ்சை என்றால் ஒரு வாரத்துக்குள் நேரில் வந்து பார்ப்பதாக உறுதி சொல்லுங்கள். குடியிருக்கும்போதே தூசி பறக்கும் வேலை செய்ய வேண்டியிருந்தால், அந்த நாட்களுக்கு வேறு இடம் ஏற்பாடு செய்வதும் அந்த வாடகையைக் கழித்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பு.

வேலை முடிந்த அன்றே புகாரை மூடிவிடாதீர்கள். இரண்டு வாரம் கழித்து ஒருமுறையும், அடுத்த பெருமழைக்குப் பிறகு ஒருமுறையும் கூப்பிட்டுக் கேளுங்கள். அதே இடத்தில் அலுமினியத் தாளை மறுபடி ஒட்டிப் பாருங்கள். சுவர்ப்பக்கம் உலர்ந்திருந்தால் பூச்சு வேலையையும் பெயிண்ட்டையும் அப்போது தொடங்கலாம்.